ஏட்டு எழுதிய பதினான்கு மனுக்கள்

வந்த பஸ்ஸிலேயே அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட முடியுமா என்றுதான் ஏட்டு தீர்த்தகிரி முதலில் யோசித்தார். அதற்குள் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் போய்விட்டது.

தகரப் பெட்டி. மேலே நீளமாக ஒரு துவாரம். முன்னால் கனமான பூட்டு. சாவியை மட்டும் காணோம்.

“சாவி எங்கடா?” என்றார் ஏட்டு.

“சாவியை டி.எஸ்.பி. ஐயாவே வெச்சுக்கினாராம். கூட ஒரு கடுதாசி இருக்குதுங்க” என்றான் கான்ஸ்டபிள் ஆஞ்சப்பன்.

ஏட்டு கடிதத்தைப் பிரித்தார். போலீஸ் இலாகாவின்மீது பொதுஜனங்களுக்கு நம்பிக்கை வளர வேண்டும் என்று அது ஆரம்பித்தது. கீழே நான்கு விதிகள் இருந்தன. ஒன்று, பெட்டியைக் கையெட்டும் இடத்தில் மாட்ட வேண்டும். இரண்டு, போலீஸார்மீது குறை இருப்பவர்கள் எழுதிப் போடலாம் என்று தண்டோரா போட வேண்டும். மூன்று, அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை டி.எஸ்.பி. நேரில் வந்து, ஊர் முன்னிலையில் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பார். நான்காவதை ஏட்டு மூன்று முறை படித்தார். எழுதத் தெரியாதவர்கள் சொல்வதை நிலைய ஏட்டே உள்ளது உள்ளபடி எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

“அப்போ நம்ம மேல புகார் குடுக்க வர்றவங்களுக்கு நாமளே எழுதிக் குடுக்கணுமாங்க?”

“அப்பிடித்தான் போட்டிருக்குது.”

“நல்லதாப் போச்சுங்க. உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்” என்றான் ஆஞ்சப்பன்.

அவன் கேலி செய்கிறானா, நிஜமாகவே சந்தோஷப்படுகிறானா என்பது ஏட்டுக்கு எட்டு வருஷமாகப் பிடிபடாத விஷயம்.

சீமனப்பள்ளி அவுட்போஸ்ட் என்பது சூளகிரிக்கு மேற்கே ரோட்டோரம் இரண்டு அறையும் ஒரு புளியமரமும். மைசூர் எல்லை ஆறு மைல். அங்கே சாராயம் சர்க்கார் அனுமதியோடு ஓடியது, இங்கே மதுவிலக்கு. அங்கிருந்து இங்கே வருவதைப் பிடிப்பதுதான் ஏட்டின் உத்தியோகம். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவர் பிடித்த புட்டிகள் குறைவு. பிடித்த மற்ற சாமான்கள் கொஞ்சம் அதிகம்.

“போன மாசம் வேற ஒரு அவுட்போஸ்டுல இதே மாதிரி பொட்டியைத் திறந்தாராமுங்க” என்று ஆஞ்சப்பன் குரலைத் தாழ்த்தினான். “படிச்சு முடிச்சதும், அந்த ஏட்டோட கைப் பட்டையை ஊர் சனம் பார்க்கப் பார்க்கக் கழட்டச் சொல்லிட்டாராம்.”

ஏட்டின் கை தானாகத் தன் சட்டைக் கையிலிருந்த மூன்று பட்டைகளைத் தடவிப் பார்த்தது. கல்யாணத்துக்குக் கூட அவர் அதைப் போட்டுக்கொண்டுதான் போவார். அதை ஊரே பார்க்கக் கழற்றிக் கொடுப்பதை நினைத்தபோதே காது சூடாகியது.

பெட்டியை அவர் லாக்கப்புக்கு மேலே, உத்தரத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். கையெட்டும் இடம் என்றால் யார் கைக்கு எட்டும் இடம் என்று விதியில் இல்லையே. ஆனால் ஆஞ்சப்பன் ஏணி கேட்டு ஊருக்குள் நான்கு வீடு ஏறி இறங்கினான். எதற்கு ஏணி என்று நான்கு வீட்டிலும் கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் பெட்டியைப் பார்க்க முப்பது பேர் வந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் புளியமரத்திலேயே ஆணி அடிக்க வேண்டியதாயிற்று.

தண்டோராவிலும் அவர் ஒரு யுக்தி செய்து பார்த்தார். தண்டோராக்காரன் மதுரைவீரனைக் கூப்பிட்டு, “ஊருக்குள்ள சனம் இல்லாத நேரமாப் பார்த்து ஒரு சுத்து அடிச்சுட்டுப் போயிடு” என்றார்.

“சரிங்க சாமி” என்றான் மதுரைவீரன். அவன் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுகிறவன் அல்ல.

ஊருக்குள் சனம் இல்லாத நேரம் என்றால் அது வெள்ளிக்கிழமை காலைதான். அன்று எல்லோரும் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போய்விடுவார்கள். ஏட்டு சொன்னபடியே மதுரைவீரன் வெள்ளிக்கிழமை காலை தப்பட்டையை எடுத்தான். காலி ஊரில் ஒரு சுற்று அடித்தான். கேட்க ஆளில்லாமல் அடிப்பது தொழிலுக்கு அழகில்லை என்று தோன்றியதோ என்னவோ, அப்படியே நடந்து சந்தைக்கும் போய் அங்கேயும் ஒரு சுற்று அடித்துவிட்டான். சீமனப்பள்ளி ஏட்டின்மீது குறை இருப்பவர்கள் மனு கொடுக்கலாம் என்ற சேதி, ஏட்டையே தெரியாத பதினெட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று ராகிக் களியைப் பிசைந்துகொண்டே ஏட்டு பெருமூச்சு விட்டார்.

“தப்புப் பண்ணவங்க பயப்படணும். உங்களுக்கு என்ன?” என்று கேட்டாள் மனைவி சரோஜம்மாள். அவள் குழம்பு ஊற்றிய விதத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது.

அவளுக்குத் தெரியாதா என்ன? ஊர்க்காரி வெள்ளையம்மாவின் சேவலைக் குழம்பு வைத்தவளே அவள்தான். சேவல்களை மோதவிட்டுச் சேவல் கட்டு நடத்தினார்கள் என்று ஒரு கேஸ். அதில் அந்தக் கருஞ்சேவலை சாட்சியாகப் பிடித்து வந்தார் ஏட்டு. கேஸ் ஓசூர் கோர்ட்டுக்குப் போவதற்குள் சாட்சி அடுப்புக்குப் போய்விட்டது.

சேவலிலிருந்தே ஆரம்பிப்பது என்று ஏட்டு முடிவு செய்தார். புகார் வருவதற்குமுன் குறையைத் தீர்த்துவிட்டால் புகாரே இல்லையே. சூளகிரிக்குப் போய் நல்ல சிவப்புச் சேவல் ஒன்றை வாங்கி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெள்ளையம்மா வீட்டுக்குப் போனார்.

“இந்தாம்மா, உன் சேவல்.”

வெள்ளையம்மா சேவலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “என் சேவல் கருப்புங்களே.”

“சேவல்னா சேவல்தானே? வெச்சுக்கோ.”

“அய்யய்யோ, இது யாரு வூட்டுதுங்க? யாருகிட்டப் புடுங்கினீங்க இதை?” என்று அவள் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

மறுநாள் காலை அவுட்போஸ்டின் முதல் மனுதாரராக வந்து நின்றவள் வெள்ளையம்மாதான். அவளுக்கு இப்போது இரண்டு புகார்கள் இருந்தன. ஒன்று போன சேவலைப் பற்றி, இன்னொன்று வந்த சேவலைப் பற்றி.

அவளுக்குப் பின்னால், ஏட்டு சாமான்களைத் திருப்பிக் கொடுக்கிறாராம் என்று கேள்விப்பட்டு ஒன்பது பேர் நின்றார்கள். பலாப்பழம், வாழைத்தார், ஒரு கயிற்றுக் கட்டில். தான் எடுத்ததில் பாதியை ஏட்டே மறந்து போயிருந்தார். ஊர் ஒன்றையும் மறக்கவில்லை.

ஏட்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, காகிதத்தை எடுத்து, பேனாவை மையில் தோய்த்தார். “யாரு மேல புகாரு?” என்றார், பழக்க தோஷத்தில்.

“உங்க மேலதாங்க” என்றாள் வெள்ளையம்மா.

“ம். சொல்லு.”

அவள் சொல்லச் சொல்ல, பேனா காகிதத்தில் ஓடவில்லை. ‘என் சேவலைத் தின்று விட்டார்’ என்று தன் கையாலேயே எப்படி எழுதுவது? அதை டி.எஸ்.பி. உரக்கப் படிப்பாரே. ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். எதிரில் நின்றவர்களில் ஒருத்தருக்கும் எழுத்து தெரியாது. மணியக்காரர் தெலுங்கில்தான் எழுதுவார். பள்ளிக்கூடத்துக்கு இன்னும் கூரை போடவில்லை. ஆஞ்சப்பன் தன் பெயரை எழுதுவதற்கே நாக்கைக் கடித்துக்கொள்வான். சீமனப்பள்ளியில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் தீர்த்தகிரிதான்.

அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு அந்தப் புத்தி வந்தது. வந்திருக்கக் கூடாது, ஆனால் வந்துவிட்டது. டி.எஸ்.பி. உரக்கப் படிக்கும்போது எழுந்து மறுத்துப் பேச இந்த ஊரில் யாருக்குத் துணிச்சல் வரும்?

பேனா ஓட ஆரம்பித்தது. ‘மேன்மை தங்கிய துரை அவர்கள் சமூகத்துக்கு’ என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினார். எழுதி முடித்ததும் காகிதத்தைக் கண் முன்னால் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததையெல்லாம் கணீரென்று படித்தார்: “என் சேவலைப் பிடித்துப் போய்த் தின்று விட்டார், கேட்டதற்கு வேறு யாருடைய சேவலையோ கொண்டுவந்து கொடுத்தார். சரிதானே?”

“அப்பிடியே நான் சொன்ன மாதிரியே இருக்குதுங்க!” என்று வெள்ளையம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். “பொய் சொல்லக் கூடாது, ஏட்டய்யா நாயமான மனுசர்தான்.”

அந்த நல்ல வார்த்தை ஏட்டுக்குச் சுருக்கென்று தைத்தது. கைநாட்டு வைக்க மைப் பெட்டியை நீட்டியபோது அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்து மங்கம்மா. வாரா வாரம் அவரைக்காய்க் கூடையோடு சந்தைக்குப் போகிறவள். கூடைக்கு அடியில் சாராயம் இருக்கிறதா என்று ஏட்டு கைவிட்டுப் பார்ப்பார். கை ஒருநாளும் வெறுமனே வெளியே வந்ததில்லை. அவளுக்கும் எழுதினார், அவளுக்கும் இல்லாததைப் படித்துக் காட்டினார். கட்டிலுக்கும் பலாப்பழத்துக்கும்கூட அப்படியேதான்.

ஒரே ஒரு விஷயம் அவருக்குப் புரியவில்லை. மனுவை வாங்கிய யாரும் அதை உடனே பெட்டியில் போடவில்லை. மடித்து மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

“பொட்டி இங்கேயே இருக்குதே, போட்டுட்டுப் போறதுதானே?” என்றார் மங்கம்மாவிடம்.

“ரெண்டு நாளு சாமிகிட்ட வெச்சிருந்து எடுத்து வந்து போடறேனுங்க” என்றாள் அவள். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

தன்மேல் புகாருக்கு சாமியையும் துணை சேர்க்கிறார்களே என்று ஏட்டு நொந்துகொண்டார். ஆனாலும் கொஞ்சம் நிம்மதிதான். எந்தச் சாமி வந்து அதைப் படித்துவிடப் போகிறது?

அதற்குப்பிறகு ஊரில் என்னவோ மாறியது. கிராம சேவிகா ஜோதியம்மாள் சைக்கிளில் வந்து மாதர் சங்கத்தில் தையல் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவாள். மத்தியானம் அந்தப் பக்கம் ஏட்டு போனால் உள்ளே பெண்கள் சிரித்தார்கள். தையலில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவர் வியந்தார். வெள்ளிக்கிழமை மங்கம்மா கூடையைத் தானாகவே இறக்கி வைத்து, “கருணைக் கடலே, கை விட்டுப் பாருங்க” என்றாள். ஏட்டு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “வேணாம், வேணாம், போம்மா” என்றார். சந்தைக்குப் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வீட்டில் அதைவிட மோசம். சரோஜம்மாளும் தையலுக்குப் போய் வருகிறவள்தான்.

“பசும்பால் மனசுக்காரரே, இன்னொரு உருண்டை போடட்டுமா?” என்றாள் ஒரு நாள்.

ஏட்டுக்குப் புரையேறியது. ‘பசும்பால் போன்ற மனம் படைத்த ஏட்டு அவர்கள்’ என்பது கட்டில் மனுவில் அவரே எழுதியது. எழுதும்போது தான் வாய்க்குள் முணுமுணுத்ததை ஆஞ்சப்பன்தான் தோளுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டுத் தொலைத்திருக்கிறான் என்று தீர்மானித்து, மறுநாள் அவனை எல்லைப் பக்கம் நடை போட அனுப்பினார். அவனுக்கு ஏன் என்று புரியவில்லை.

பதினான்காவது மனுவுக்கு வந்தவன் மதுரைவீரன்.

அவனோடு அவன் மனைவி நஞ்சம்மாவும் வந்திருந்தாள். அவள்தான் அவுட்போஸ்டைப் பெருக்கி, குடத்தில் தண்ணீர் எடுத்து வைக்கிறவள். அவள் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு வந்து நின்றாள். ஏட்டுக்கு அவர்களைப் பார்த்ததுமே என்ன விஷயம் என்று தெரிந்துவிட்டது. இத்தனை நாளும் இவர்கள் மட்டும் வராமல் இருந்ததில்தான் அவருக்குத் தூக்கம் வந்திருந்தது.

பொங்கலுக்கு முன்னால் பஸ்ஸில் வந்த ஒருவரின் டிரங்குப் பெட்டி காணாமல் போயிற்று. பஸ் நின்ற இடத்தில் மதுரைவீரன் நின்றிருந்தான். அதுதான் அவன் செய்த குற்றம். ஏட்டு அவனை ஓர் அறை அறைந்து, “இங்கேயே உட்காரு” என்று மூலையைக் காட்டினார். அன்று சாயங்காலமே பெட்டி கிடைத்துவிட்டது. பஸ் கூரையில் சாக்கு மூட்டைக்கு அடியில் இருந்ததாம். கண்டக்டர் வந்து ஏட்டிடம் சொல்லிவிட்டுப் போனான். ஏட்டு சரி என்றார். பிறகு ஓசூர் பந்தோபஸ்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது மதுரைவீரன் அதே மூலையில் உட்கார்ந்திருந்தான். எழுந்து போகலாம் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் அவன் போகவில்லை. நஞ்சம்மா அவனைச் சுற்றிப் பெருக்கிவிட்டு, வீட்டிலிருந்து களி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“போடா” என்று மட்டும் ஏட்டு சொன்னார். பெட்டி கிடைத்ததை அவனிடம் சொல்லவில்லை, ஊரிலும் சொல்லவில்லை. மறந்துவிட்டார் என்று சொல்லலாம். சொல்ல வெட்கமாக இருந்தது என்பதுதான் நிஜம்.

“சொல்லு மதுரைவீரா” என்றார் இப்போது.

“நான் அந்தப் பொட்டியை எடுக்கலைன்னு எழுதுங்க சாமி. அது போதும்.”

“அறைஞ்சது?”

“அது கெடக்குதுங்க. ஊர்ல என்னை இன்னும் டிரங்குப் பொட்டின்னுதான் கூப்பிடறாங்க. எம் பொண்ணைக் கேட்டு வந்தவங்க, அந்தப் பேரைக் கேட்டுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க.”

ஒரே மூச்சில் அவன் அவ்வளவு பேசி ஏட்டு கேட்டதில்லை. பேனாவை எடுத்தார். இதையாவது உள்ளபடி எழுதிவிடலாம் என்று மனசு சொன்னது. எழுதினால், கண்டக்டர் வந்து சொன்னதும் வெளிவரும். பட்டை போகும். கடைசியில் பேனா பிடித்த கை தன்னைத்தான் காப்பாற்றிக்கொண்டது.

எழுதி முடித்து, “பெட்டியை நான் எடுக்கவில்லை” என்று படித்துக் காட்டினார். நஞ்சம்மா காகிதத்தை வாங்கி, வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏட்டுக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. புளியமரத்துப் பக்கம் போய் நின்றுகொண்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

முதல் திங்கட்கிழமை வந்தது. டி.எஸ்.பி. ஜீப்பில் வந்தார். கண்ணாடி போட்ட சின்ன வயசுக்காரர். புளியமரத்தடியில் ஊர் திரண்டிருந்தது. தையல் வகுப்புப் பெண்கள் சரோஜம்மாள் உட்பட முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஏட்டு சட்டைக்குக் கஞ்சி போட்டு வந்திருந்தார். அது உடம்பைக் குத்தியது.

பெட்டி திறந்தது. பதினான்கு காகிதங்கள். டி.எஸ்.பி. முதலாவதைப் பிரித்து உரக்கப் படித்தார்.

“‘மேற்படி ஏட்டு அவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் என் அவரைக்காய்க் கூடையைத் தம் கையால் தொட்டு ஆசீர்வதித்து அனுப்புவதால், சந்தையில் என் சரக்கு உடனே விற்றுப் போகிறது. அன்னார் ஒரு கருணைக் கடல்.’ இப்படிக்கு மங்கம்மா, கைநாட்டு.”

முன்வரிசையில் முந்தானைகள் வாய்க்குப் போயின. ஏட்டு ஜீப்பின் சக்கரத்தைப் பார்த்தார்.

“‘எனது சேவலானது மேற்படி ஏட்டு அவர்கள் இல்லத்தில் நற்கதி அடைந்ததில் எனக்குப் பரம திருப்தி.’ இப்படிக்கு வெள்ளையம்மா.”

யாரோ பின்னால் இருமினார்கள். டி.எஸ்.பி. இரண்டு காகிதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்குதே?”

“நாலாவது விதிங்க ஐயா” என்றார் ஏட்டு.

“விதி எழுதினவனே நான்தான்” என்றார் டி.எஸ்.பி. மேலே படித்தார். பலாப்பழம் ஏட்டுக்கு மனமுவந்து அளிக்கப்பட்டிருந்தது. கட்டில் பசும்பால் மனதுக்காரரின் முதுகு வலியைத் தீர்த்ததில் கட்டிலுக்கே பெருமையாம். கூட்டம் சிரிப்பை அடக்கி அடக்கிப் பார்த்து, பிறகு அடக்குவதை விட்டுவிட்டது. சரோஜம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, விரலால் மண்ணில் என்னவோ கீறிக்கொண்டிருந்தாள்.

கடைசிக் காகிதம்.

“‘வெயிலிலும் குளிரிலும் இருக்க இடமின்றி வாடிய எனக்கு, மேற்படி ஏட்டு அவர்கள் மூன்று நாள் தமது நிலையத்திலேயே தங்க இடம் கொடுத்து ஆதரித்தார்கள்.’ இப்படிக்கு மதுரைவீரன்.”

யாரும் சிரிக்கவில்லை. மதுரைவீரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நஞ்சம்மா ஏட்டையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் என்னவோ அவர் வாயைத் திறக்கக் காத்திருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏட்டு தொப்பியைக் கழற்றினார்.

“ஐயா, அது பொய்ங்க” என்றார். “பதினாலும் பொய்ங்க. அவங்க சொன்னது வேற, நான் எழுதினது வேற. இவரு அந்த டிரங்குப் பொட்டியை எடுக்கலை. அன்னிக்குச் சாயந்திரமே பொட்டி கெடைச்சுப் போச்சு. கண்டக்டர் வந்து எங்கிட்டச் சொன்னாரு. நான் யாருகிட்டயும் சொல்லலை. ஒரு தப்பும் பண்ணாத மனுசனை அறைஞ்சேன், மூணு நாள் மூலையில உட்கார வெச்சேன். எடுத்த பொட்டி ஒண்ணுமில்லீங்க. கெடுத்த பேருதான் இருக்குது, அது நான் கெடுத்தது.”

இத்தனை வருஷத்தில் அவர் ‘இவரு’ என்று மதுரைவீரனைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும், அவராகவே சட்டைக் கையிலிருந்த பட்டையின் தையலைப் பிரிக்கப் போனார். சரோஜம்மாள் இரட்டை நூல் போட்டுத் தைத்திருந்ததால் அது அசையவில்லை. அந்த வெட்கம் வேறு.

டி.எஸ்.பி. கண்ணாடியைத் துடைத்தார். “மதுரைவீரன், நீங்க சொல்லுங்க. என்ன செய்யலாம்?”

“நான் எடுக்கலைன்னு இத்தனை பேரு முன்னால சொல்லிட்டாருங்க” என்றான் மதுரைவீரன். “அது போதும்.”

டி.எஸ்.பி. யோசித்தார். “பட்டையைக் கழட்டி நான் கொண்டுபோனா அது கிருஷ்ணகிரியில ஒரு பீரோவுல கெடக்கும். இந்த ஊருக்கு அதனால ஒண்ணும் இல்லை” என்றார். “பட்டை இப்போதைக்கு உங்க கையிலயே இருக்கட்டும். இந்தப் பதினாலு மனுவையும் அவுட்போஸ்டு முன் சுவத்துல ஒட்டுங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல, அவங்க நிஜமா என்ன சொன்னாங்கன்னு உங்க கையாலேயே எழுதி ஒட்டுங்க. ஒரு வருசம் கிழியாம இருக்கணும். அடுத்த வருசம் இதே நாள் வருவேன். அப்புறம் பட்டையைப் பத்திப் பேசலாம்.”

ஜீப் போன பிறகு ஏட்டு மேஜையில் உட்கார்ந்து பதினான்கு நிஜங்களையும் எழுதினார். ‘என் சேவலைத் தின்று விட்டார்’ என்று எழுதுவதற்கு எவ்வளவு சின்ன வாக்கியம்! அதற்குப் போய் எத்தனை பெரிய வார்த்தைகளைத் தேடியிருந்தோம் என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

நஞ்சம்மா பசை காய்ச்சிக் கொண்டுவந்தாள். அவள் சட்டியைப் பிடித்துக்கொள்ள, ஏட்டு துடைப்பக் குச்சியால் பசை தடவி ஒவ்வொன்றாகச் சுவரில் ஒட்டினார். ஆஞ்சப்பன் கொஞ்ச தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தான். அவனுக்கு ஏட்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“வுடுங்க ஏட்டய்யா. சுவத்துல ஒட்டினா என்ன? இந்த ஊர்ல இதை யாரு படிக்கப் போறாங்க?” என்றான்.

ஏட்டுக்கும் அது தோன்றாமல் இல்லை. ஒரு வருஷம் இருந்தாலும் காகிதம் காகிதம்தான், ஆடு வந்து தின்னாமல் பார்த்துக்கொண்டால் போதும். அப்படி நினைத்து ஒரு கணம் மூச்சு விட்டவர், அந்த நிம்மதிக்காகவே மறுபடியும் வெட்கப்பட்டார். கடைசியாக மதுரைவீரனின் காகிதத்தை ஒட்டித் தடவிவிட்டார்.

“‘பெ...ட்டி...யை’” என்றது பக்கத்தில் ஒரு குரல். “‘பெட்டியை... நான்... எடு...க்க...வில்லை.’ ஆங், இப்போதான் சரியா இருக்குது.”

ஏட்டின் கையிலிருந்த துடைப்பக் குச்சி கீழே விழுந்தது. நஞ்சம்மா பசைச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, விரலால் எழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நஞ்சம்மா... உனக்குப் படிக்கத் தெரியுமா?”

“போன மாசம் பொறக்கறப்போ தெரியாதுங்க சாமி” என்றாள் அவள், எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “பொட்டியில போடறதுக்கு முந்தி ரெண்டு ரெண்டு நாளு, உங்க மனுவை வெச்சுத்தானுங்களே சங்கத்துல சோதியம்மா எங்களுக்கெல்லாம் எழுத்துக் கூட்டப் பழக்கிவுட்டாங்க.”